அரை நாள் மீதம்

இரண்டரை நாள் தற்செயல் விடுப்பு பாக்கி.
முப்பத்தொன்றாம் தேதியோடு செத்துப்போகும் என்றார் செயலாளர்,
பயிர்க் காப்பீட்டுக்கு வந்த சிட்டா அடங்கல் கட்டைச்
சணலால் முடிந்துகொண்டே.

அன்று மதியமே திட்டம் போட்டோம்.
கூட்டுறவுச் சங்கக் கிட்டங்கியில்
யூரியா மூட்டைமேல் சோற்று டப்பாவைத் திறந்துவைத்து
நானும் தில்லைக்கரசியும் நகைமதிப்பீட்டாளர் ஜலாலும்.
முத்துப்பேட்டை. அலையாத்திக் காடு.
காலை ஏழு மணிக்குப் படகு.
படகோட்டி ஜலாலின் மச்சான், சீட்டு அவர் பொறுப்பு.
எலுமிச்சைச் சாதம் அவள்.
வறுத்த இறால், விலை இறங்கினால், நான்.
தொப்பி. கொசுவத்தி. பையன்களுக்கு மாற்று நிக்கர்.
அட்டையில் எழுதி
அடுத்த வருடக் காலண்டர் சுருட்டியபடி தொங்கும்
ஆணியில் குத்திவைத்தோம்.

வங்கக் கடலும் ஒரு திட்டம் வைத்திருந்தது.

இருபதாம் தேதி காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள்.
இருபத்திரண்டில் அது மண்டலம்.
இருபத்து நான்கில் நாகப்பட்டினத்தில் மூன்றாம் எண் கூண்டு.
ஜலால் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்து
அட்டையில் 'படகு' என்பதை மட்டும் அடித்தார்.
மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள் தில்லைக்கரசி,
சாதம் கிளறக் கடலா வேண்டும்?

மழை
நின்று பெய்தது, உட்கார்ந்து பெய்தது,
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் பல்பு எரிய எரியப் பெய்தது.
எங்கள் மூன்று மா குத்தகையில்
கதிர் தொண்டையில் நிற்கிறது.
இப்போது தண்ணீர் தேங்கினால்
அதற்கு மூச்சு முட்டும்,
எங்களுக்கும்.

இருபத்தொன்பதாம் தேதி ஒரு நாள் விடுப்பு.
காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை'.
வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை.
வைரக்கண்ணு மார்பளவுத் தண்ணீரில் நின்று அறுத்துவிட
நான் கொக்கி மூங்கிலால் கரைக்கு இழுத்தேன்.
வேரில் சிக்கி வந்தவை:
நத்தைகள், ஒற்றைச் செருப்பு,
எங்கள் சங்கத்தின் பெயர் போட்ட மஞ்சள் பை.
அதில் யாருடைய கடன் ரசீதும் இல்லை, பார்த்துவிட்டேன்.
நான்கு மணிக்குக் குழாய்வாயில் தண்ணீர்
ஒரு சுழி சுழித்து, வழி தெரிந்து,
போக ஆரம்பித்தது.

முப்பதாம் தேதி இன்னொரு நாள்.
சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்,
மொபட்டில் தில்லைக்கரசியும் தூக்குவாளியும்,
பின்னால் ஜலால், இரண்டு பையன்கள், அந்த அட்டை.
நேற்று இழுத்துப் போட்ட ஆகாயத்தாமரைக் குவியல்மேல்
சாக்கு விரித்து உட்கார்ந்தோம். மெத்தைதான்,
கொஞ்சம் ஒழுகும் மெத்தை.
இறால் விலை இறங்கவில்லை. வறுத்த கருவாடு.
வயலில் பத்துப் பதினைந்து நத்தைகுத்தி நாரைகள்,
மூடாத அலகும் முதலாளி நடையுமாக.
"இதுங்க உதயமார்த்தாண்டபுரத்துல இருக்கணும்,
காசு கொடுத்துப் பார்க்கப் போவோம்" என்றார் ஜலால்.
பையன்கள் வாழைத் தண்டைக் கட்டித் தெப்பம் விட்டார்கள்.
ஏழடி போயிருக்கும். கவிழ்ந்தது.
மாற்று நிக்கர் பயன்பட்டது.
ஜலால் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
அட்டையில் அடித்ததன் பக்கத்தில்
'படகு' என்று மறுபடி எழுதினார்.

முப்பத்தொன்று. சங்கத்தில் கணக்கு முடிப்பு.
மீதி அரை நாள் என் பெயருக்கு நேரே
பென்சிலால் எழுதியது, ஆறு மணிக்கு
செயலாளர் ரப்பரால் அழித்தார்.
வருத்தம் என்று சொல்ல முடியாது.
வீட்டுக்குப் போகிற வழியில், பாமணியாற்றுப் பாலத்தில்
வண்டியை நிறுத்தினேன்.
கீழே கலங்கலாக, அவசரமாக,
யார் யார் வயலிலோ வடித்த தண்ணீர்.
எங்கள் வாய்க்கால் தண்ணீரும் அதற்குள்தான் எங்கோ,
தில்லைக்கரசி கை கழுவிய மஞ்சளோடு.

அது விடுப்பு எழுதிக் கொடுக்கவில்லை.
விடிவதற்குள் அலையாத்திக் காட்டில் இருக்கும்.